விளையாட்டில் பறக்கும் பைசன்

2025 மே மாதம். கோடை விடுமுறைக்காகத் தீர்த்தமலைக்கு அருகில் உள்ள எங்கள் ஊருக்குச் சென்றிருந்தேன். எல்லையில் நம் நாட்டிற்கும் பாகிஸ்தானுக்கும் மோதல் மூண்டிருந்த நாட்கள் அவை. ஒருநாள் இரவு எட்டு மணி இருக்கும். என் அத்தை கைப்பேசியும் கையுமாக எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது. அவருடைய மகன் விமானப்படையில் தொழில்நுட்பப் பணியாளர். வடக்கே ஒரு தளத்தில் இருக்கிறார். விமானத்தை ஓட்டுபவர் அல்லர். தரையில் நின்று அதனைப் பழுது பார்ப்பவர். ஆனால் தாயின் மனத்திற்கு அந்த வேறுபாடு ஏது?

"ஏன் கண்ணு, இது நெசந்தானா?" என்று கைப்பேசியை நீட்டினார்.

இருண்ட வானம். தரையிலிருந்து நெருப்புக் கோடுகள் சரம் சரமாக மேலே பாய்கின்றன. ஒரு போர் விமானம் சட்டெனத் திரும்பித் தப்பப் பார்க்கிறது. பிறகு தீப்பற்றி விழுகிறது. அத்தை அன்று மாலையிலிருந்து சாப்பிடவில்லை என்று பிறகு தெரிந்தது.

அந்தக் காட்சியை மூன்று முறை பார்த்தேன். மூன்றாம் முறை பார்க்கும்போதுதான் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றியது. அந்த விமானம் அரை வட்டம் அடித்துத் திரும்ப எடுத்துக்கொண்ட நேரம் நான்கு வினாடி. "அத்தே, இது விளையாட்டு. கம்ப்யூட்டர்ல ஆடற விளையாட்டு. உண்மையான விமானம் இப்படித் திரும்பாது" என்றேன்.

"அப்ப, உண்மையான விமானம் எப்படித் திரும்பும்?"

அவர் கேட்ட அந்தக் கேள்விக்கு அன்று என்னால் முழுமையாக விடை சொல்ல இயலவில்லை. கல்லூரி திறந்தபின், இயற்பியல் பாடநூலையும், விடுதி நண்பர்கள் ஆடும் விமானப்போர் விளையாட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சிறப்பாக, "புதுப்பிக்கப்பட்ட" விமானங்கள் என்று அவ்விளையாட்டுகள் காட்டுபவை எந்த அளவுக்கு மெய்யானவை என்று ஆராய முற்பட்டேன். அதன் பயனே இக்கட்டுரை. எடுத்துக்காட்டாக நம் நாட்டின் மிக்-21 பைசன் விமானத்தையே கொள்கிறேன்.

பைசன் என்பது யாது?

மிக்-21 சோவியத் நாட்டில் உருவான விமானம். 1963 ஆம் ஆண்டு அது இந்திய விமானப்படையில் சேர்ந்தது. அதன் முதல் இருப்பிடம் சண்டிகர். பின்னர் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் நாசிக்கில் அதனை நூற்றுக்கணக்கில் கட்டியது. அவ்விமானத்தின் வகைகள் பல. அவற்றுள் கடைசியாக வந்த பெரிய வகை மிக்-21 பிஸ் என்பது.

1990-களில் அந்தப் பிஸ் விமானங்கள் பழையனவாகிவிட்டன. புதிய விமானங்கள் வாங்கவும் காலம் பிடித்தது. எனவே 1996 இல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, 125 பிஸ் விமானங்களைப் புதுப்பிக்க அரசு முடிவு செய்தது. அப்படிப் புதுப்பிக்கப்பட்டவற்றுக்கு இடப்பட்ட பெயரே பைசன். புதிய ரேடார் ரஷ்யாவிலிருந்தும், திசை காட்டும் கருவி பிரான்சிலிருந்தும் வந்தன. எதிரியின் ரேடார் தம்மைத் தொடுவதை உணர்த்தும் எச்சரிக்கைக் கருவி இந்தியாவிலேயே செய்யப்பட்டது. விமானி தலையைத் திருப்பிய பக்கம் ஏவுகணையைக் குறிவைக்க உதவும் தலைக்கவசக் கருவியும், ஆர்-73, ஆர்-77 என்னும் புதிய ஏவுகணைகளும் சேர்ந்தன.

2019 பிப்ரவரி 27 அன்று விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான் ஓட்டிச் சென்றது இந்தப் பைசனைத்தான். அவருடைய குடும்பத்தின் பூர்விகம் திருவண்ணாமலை மாவட்டத்துத் திருப்பணமூர். நமக்கு அடுத்த மாவட்டம்! அவர் பாகிஸ்தானின் எஃப்-16 விமானம் ஒன்றை வீழ்த்தினார் என்பது இந்தியா கூறுவது. பாகிஸ்தான் அதனை மறுக்கிறது. அவருடைய விமானம் வீழ்ந்ததும், அவர் சிறைப்பட்டு மார்ச் 1 அன்று தாயகம் திரும்பியதும், பின்னர் வீர சக்கரம் பெற்றதும் நாடறிந்த செய்தி.

அதே ஆண்டு ஜூலை 31 அன்று, விமானப்படையே ஒரு கைப்பேசி விளையாட்டை வெளியிட்டது. "இண்டியன் ஏர் ஃபோர்ஸ்: எ கட் அபவ்" என்பது அதன் பெயர். அப்போதைய தளபதி பி.எஸ். தனோவா அதனைத் தொடங்கி வைத்தார். அபிநந்தனை நினைவூட்டும் மீசையுடன் அதில் ஒரு விமானி வருகிறார். இளைஞர்களுக்கு விமானப்படையின்பால் ஆர்வம் ஊட்டுவதே அதன் நோக்கம். நோக்கம் அதுவாக இருக்கையில், அதனிடம் பொறியியல் துல்லியம் எதிர்பார்ப்பது முறையன்று. நாடகத்தில் வரும் கட்டபொம்மனிடம் வரலாற்று ஆவணம் கேட்பது போலாகும் அது.

ஆனால் "நாங்கள் உண்மையை அப்படியே தருகிறோம்" என்று சொல்லும் விளையாட்டுகளும் உள்ளன. அவற்றைத்தான் நாம் உரசிப் பார்க்க வேண்டும்.

பழைய மோட்டாரும் புதிய ஸ்டார்ட்டரும்

புதுப்பித்தல் என்றால் என்ன என்பதை விளக்க, நம் அரூர் வட்டாரத்துக் கிணற்றடிக்கே செல்வோம்.

எங்கள் கிணற்றில் பழைய ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்று இருக்கிறது. மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று பார்த்திருந்து, நள்ளிரவில் டார்ச் விளக்குடன் வரப்பில் நடந்து சென்று அப்பா அதனை ஓட விடுவார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அதற்குக் கைப்பேசி ஸ்டார்ட்டர் பொருத்தினோம். இப்போது வீட்டுத் திண்ணையிலிருந்தே ஓட்டலாம், நிறுத்தலாம். மின்சாரம் வந்தால் செய்தி வரும். கிணற்றில் நீர் வற்றினால் தானே நின்றுவிடும்.

ஆயினும் மோட்டாரின் குதிரைத்திறன் ஐந்திலிருந்து ஏழரை ஆயிற்றா? இல்லை. குழாயில் விழும் நீர் கூடிற்றா? ஒரு சொட்டும் கூடவில்லை. ஆனால் அப்பாவின் இரவு கூடிற்று. பாம்புக் கடி பயம் நீங்கிற்று. இயந்திரம் பழையதுதான். அதனைப் பயன்படுத்தும் மனிதன் அறிவதும் செய்வதும் மாறிவிட்டன.

பைசனும் இத்தகையதே. பிஸ் விமானத்தில் இருந்த ஆர்-25 என்னும் அதே இயந்திரந்தான் பைசனிலும் இருந்தது. பின்னெரிப்பான் எரியும்போது ஏறத்தாழ 7,100 கிலோ எடைக்குச் சமமான உந்துவிசை தருவது அது. இறக்கையும் அதே முக்கோண இறக்கைதான், அகலம் 7.15 மீட்டர், பரப்பு 23 சதுர மீட்டர். இறங்கும்போது ஓடுதளத்தை நெருங்கும் வேகம், முன்போலவே, மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல். மாறியவை விமானி காண்பதும், கேட்பதும், எட்டித் தாக்குவதும் மட்டுமே.

இங்கேதான் பல விளையாட்டுகள் தடுக்கி விழுகின்றன. விடுதியில் நண்பர் ஒருவர் ஆடும் கைப்பேசி விளையாட்டில், பழைய மிக்-21 இலிருந்து புதுப்பித்த மிக்-21 க்கு ஏறினால், வேகத்தைக் காட்டும் பட்டை நீள்கிறது. திரும்பும் திறனைக் காட்டும் பட்டையும் நீள்கிறது. "புதுசுன்னா வேகமாத்தானே இருக்கணும்?" என்றார் நண்பர். நம் ஊர் மோட்டார்க் கதையைச் சொன்னேன். புரிந்துகொண்டார், ஆனால் விளையாட்டை நிறுத்தவில்லை!

மூன்று அடுக்குகள்

ஒரு விளையாட்டு விமானத்தின் துல்லியத்தை மூன்று அடுக்குகளாகப் பிரித்துக் காணலாம் என்பது என் கருத்து. முதலாவது உருவம். இரண்டாவது இயக்கம். மூன்றாவது அறிவு, அதாவது ரேடார், மின்னணுக் கருவிகள், ஏவுகணைகள் ஆகியவை.

உருவத்தில் இன்றைய கணினி விளையாட்டுகள் வியக்கத்தக்க அளவு துல்லியம் பெற்றுள்ளன. புகைப்படங்கள் ஏராளம், காட்சியகங்களில் விமானங்களே நிற்கின்றன, அளந்து பார்க்கலாம். 2014 இல் வெளிவந்த டி.சி.எஸ். மிக்-21 விளையாட்டில் விமானி அறையின் ஒவ்வொரு பொத்தானும் தன் வேலையைச் செய்யும். ஆனால் அதில் இருப்பது பிஸ் வகையே, பைசன் அன்று. அதனைச் செய்தவர்களும் பிஸ் என்றே பெயரிட்டனர். அது நேர்மை. ஆடுவோர் அதன்மேல் இந்திய மூவண்ண வட்டத்தைத் தீட்டிவிட்டுப் பைசன் என்று அழைப்பதுதான் பிழை. வேறுபாட்டைக் கண்ணாலேயே காணலாம். பிஸ் விமானியின் முன் கண்ணாடி சட்டங்களால் பிரிக்கப்பட்டது. பைசனுடையது ஒரே வளைந்த கண்ணாடி. வண்ணம் பூசுவதால் வகை மாறாது.

இரண்டாவது அடுக்காகிய இயக்கத்தில் துல்லியம் அரிது. ஆனால் இயலாதது அன்று. ஏனெனில் காற்றும் புவியீர்ப்பும் எந்த நாட்டின் இரகசியமும் அல்ல. பழைய விமானங்களின் பறத்தல் கையேடுகள் பல இன்று பொதுவெளியில் கிடைக்கின்றன. அவற்றை வைத்து நல்ல விளையாட்டுகள் தம்மைத் திருத்திக்கொள்கின்றன. ஆடுபவராகிய நாமும் ஒரு கடிகாரம் கொண்டு சோதிக்கலாம்.

கடிகாரச் சோதனை

விமானம் வட்டமடிக்கும்போது மையத்தை நோக்கி ஒரு முடுக்கம் வேண்டும். அதன் அளவு, வேகத்தைக் கோண வேகத்தால் பெருக்கி வருவது. இது நாம் முதலாண்டிலேயே படித்தது.

நண்பரின் கைப்பேசி விளையாட்டில் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர் என்று காட்டியது. அதாவது வினாடிக்கு 250 மீட்டர். உயரம் குறையாமல் ஒரு முழு வட்டம் அடிக்க ஆன நேரம் 12 வினாடி. முழு வட்டம் 6.28 ரேடியன், 12 ஆல் வகுத்தால் கோண வேகம் 0.52. இதனை 250 ஆல் பெருக்கினால் முடுக்கம் ஏறத்தாழ 131. புவியீர்ப்பு முடுக்கமாகிய 9.8 ஆல் வகுத்தால் 13 மடங்குக்கும் மேல்!

60 கிலோ எடையுள்ள ஒரு மனிதர் அந்த வட்டத்தில் 780 கிலோவுக்கும் மேலாகக் கனப்பார். அழுத்த உடை அணிந்து பயிற்சி பெற்ற விமானிகளே 9 மடங்குவரைதான், அதுவும் சில வினாடிகள்தான் தாங்குவர். அதற்கு மேல் குருதி மூளையை எட்டாது. பார்வை இருண்டு நினைவு தப்பும்.

ஐந்து மடங்கு சுமையில் அதே 900 கிலோமீட்டர் வேகத்தில் வட்டமடித்தால், வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 1,300 மீட்டர் வரும். ஒரு சுற்றுக்கு 33 வினாடி பிடிக்கும். அரூர்ப் பேருந்து நிலையத்தை மையமாகக் கொண்டால், அவ்வட்டம் ஊரின் பெரும்பகுதியை வளைத்துவிடும். போர் விமானம் திரும்புவது என்பது அவ்வளவு பெரிய செயல்.

இனி அத்தையின் கைப்பேசிக்கு வருவோம். அந்த விமானம் 4 வினாடியில் அரை வட்டம் அடித்தது. அதன் வேகத்தை மிகவும் குறைத்து, மணிக்கு 540 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 150 மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். கணக்கிட்டால் முடுக்கம் 118. புவியீர்ப்பின் 12 மடங்கு. விமானி தாங்கமாட்டார் என்பது ஒருபுறம் இருக்கட்டும். இறக்கை அதனைத் தருமா என்று பார்ப்போம்.

தூக்கு விசை என்பது காற்றின் அடர்த்தி, வேகத்தின் இருபடி, இறக்கையின் பரப்பு, தூக்குக் குணகம் ஆகியவற்றின் பெருக்கத்தில் பாதி. காற்றின் அடர்த்தி 1.2, வேகம் 150, மிக்-21 இன் இறக்கைப் பரப்பு 23. குணகத்தைத் தாராளமாக 1 என்று கொண்டால், கிடைப்பது ஏறத்தாழ 3,10,000 நியூட்டன். 8,700 கிலோ எடையுள்ள மிக்-21 இன் கனம் ஏறத்தாழ 85,000 நியூட்டன். அப்படியாயின் அந்த வேகத்தில் அவ்விறக்கை தன் கனத்தைப் போல் மூன்றரை மடங்குக்குச் சற்று மேல்தான் தூக்கும். பன்னிரண்டு மடங்கு எங்கே, மூன்றரை எங்கே! அந்தக் காட்சி பொய் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

மற்றொன்றும் கருத வேண்டும். முக்கோண இறக்கை கடுமையாகத் திரும்பும்போது காற்றின் எதிர்ப்பு மிகுந்து வேகம் விரைந்து குறையும். மிக்-21 இன் இயந்திரம் விமானத்தின் முழு எடையைவிடக் குறைந்த விசையே பொதுவாகத் தருவது. எனவே அது முதல் சில வினாடிகள் கூர்மையாகத் திரும்பும். பிறகு களைத்துப் போகும். ஆர்-25 இல் அவசரக் காலத்திற்கென்று கூடுதல் உந்துவிசை உண்டு. தாழ்ந்த உயரத்தில் மட்டும், மூன்று நிமிடம் மட்டும். வட்டமடிக்க வட்டமடிக்க வேகம் குறையாத மிக்-21 ஐயும், எண்ணெய் தீராத பின்னெரிப்பானையும் ஒரு விளையாட்டில் கண்டால், அது விமானம் அன்று. விமானத்தின் படம் போட்ட பொம்மை.

திறக்காத பெட்டி

மூன்றாவது அடுக்குக்கு வருவோம். புதுப்பித்தல் முழுவதும் நிகழ்வது இங்கேதான். ஆனால் விளையாட்டு செய்வோர் அறிய முடியாததும் இதுவேதான். இதுவே இக்கட்டுரையின் மையக் கருத்து: ஒரு விமானம் எவ்வளவு புதுப்பிக்கப்படுகிறதோ, விளையாட்டில் அதன் துல்லியம் அவ்வளவு குறைகிறது. உருவம் பழையது, ஆகவே சரியாக வரும். இயந்திரம் பழையது, ஆகவே ஏறக்குறையச் சரியாக வரும். எதனால் அது "பைசன்" ஆயிற்றோ, அது மட்டும் ஊகமாகிவிடும்.

ரேடாரையே எடுத்துக்கொள்வோம். விளையாட்டுகள் "இந்த ரேடார் இத்தனை கிலோமீட்டர் பார்க்கும்" என்று ஓர் எண்ணைக் கொடுத்துவிடுகின்றன. இயற்பியல் அப்படிச் சொல்லவில்லை. ரேடார் அலை போகும்போதும் தூரத்தின் இருபடியில் குறைகிறது. பட்டுத் திரும்பி வரும்போதும் இருபடியில் குறைகிறது. ஆக நான்குபடியில் குறைகிறது. பார்க்கும் தூரத்தை இருமடங்கு ஆக்க வேண்டுமானால், மற்றவை மாறாதிருக்க, ஆற்றலைப் பதினாறு மடங்கு ஆக்க வேண்டும். எதிரி விமானத்தின் எதிரொளிக்கும் பரப்பு பதினாறில் ஒரு பங்காகக் குறைந்தால், தெரியும் தூரம் பாதியாகும். எனவே எதைப் பார்க்கிறது, எந்தத் திசையில் பார்க்கிறது, எதிரி குழப்பலைகளை வீசுகிறானா என்பவற்றைச் சொல்லாமல் ஒரே எண்ணைக் கூறுவது பொருளற்றது. மிக்-21 இன் ரேடார் மூக்கில், காற்று புகும் வாயின் நடுவே உள்ள கூம்புக்குள் அடங்க வேண்டும். அந்தக் கூம்பின் பருமன் புதுப்பித்தலால் பெருகிவிடாது. பெரிய விமானத்தின் ரேடாருக்கு நிகராகப் பைசனைக் காட்டும் விளையாட்டு இதனை மறந்துவிட்டது என்று பொருள்.

அத்தை மகன் சென்ற பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தார். விளையாட்டில் உள்ள மிக்-21 ஐக் காட்டினேன். ஆர்வத்துடன் பார்த்தார். ஏணி மாட்டும் இடம் சரி என்றார். சக்கரம் மடங்கும் முறை சரி என்றார். "மச்சான், ரேடார் உண்மையில் எவ்வளவு தூரம் பார்க்கும்?" என்று கேட்டேன். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "மாப்ளே, இந்த வருசம் வாணியாறு அணையில தண்ணி எவ்வளவு நிக்குது?" என்றார். எனக்கு விடை கிடைத்துவிட்டது. விளையாட்டின் துல்லியம் எங்கே முடிகிறது என்றால், கடமை அறிந்த ஒருவர் பேச்சை மாற்றும் இடத்தில் முடிகிறது.

இதனை உணராதவர்களும் உண்டு. 2021 இல், வார் தண்டர் என்னும் விளையாட்டில் பிரிட்டனின் சேலஞ்சர்-2 டாங்கி தவறாகக் காட்டப்பட்டுள்ளது என்று நிறுவுவதற்காக, ஓர் ஆட்டக்காரர் இராணுவக் கையேட்டின் பக்கங்களையே பொதுவில் வெளியிட்டார். விளையாட்டு நிறுவனம் அதனை நீக்கிவிட்டது. ஒரு பொம்மையைத் திருத்த மெய்யான வீரர்களின் பாதுகாப்பைப் பணயம் வைப்பது அறிவுடைமை ஆகாது. சில இடங்களில் துல்லியமின்மையே நன்று.

நம் தேஜஸ் விமானத்திலோ இரண்டாவது அடுக்கும் மூடிய பெட்டிதான். 2020 மே 27 அன்று கோவைக்கு அருகில் உள்ள சூலூரில், 18 ஆவது படைப்பிரிவு தேஜசுடன் மீண்டும் தொடங்கப்பட்டது. அவ்விமானத்தில் விமானியின் கைக்கும் இறக்கைக்கும் இடையே கணினி நின்று ஆணையிடுகிறது. அந்தக் கணினியின் விதிகள் வெளியே தெரியாதவரை, எந்த விளையாட்டும் தேஜசை அப்படியே பறக்கவிட இயலாது. அதைப் போன்ற ஒன்றைத்தான் பறக்கவிடும்.

ஆட்ட விதியும் வெற்றியும்

"எங்கள் விளையாட்டில் பைசன் எஃப்-15 ஐ அடித்துவிட்டது, ஆகவே பைசன் சிறந்தது" என்று வாதிடுவோர் உண்டு. 2004 பிப்ரவரியில் குவாலியரில் இந்திய, அமெரிக்க விமானப்படைகள் கூட்டுப் பயிற்சி நடத்தின. அமெரிக்கரின் எஃப்-15 விமானங்களுக்கு எதிராக நம் விமானங்கள், பைசன் உட்பட, எதிர்பாராத அளவு சிறப்பாகச் செயல்பட்டன. சிறிய உருவமும் புதிய ஏவுகணைகளும் கொண்ட பைசனை அமெரிக்க விமானிகளே பாராட்டினர். அது நமக்குப் பெருமையே.

ஆயினும் அப்பயிற்சியின் விதிகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அமெரிக்கத் தரப்பில் விமானங்களின் எண்ணிக்கை குறைவு. நெடுந்தூர ஏவுகணையைப் பயன்படுத்துவதிலும் அவர்களுக்குக் கட்டுப்பாடு இருந்தது. விதி மாறினால் முடிவும் மாறும். மெய்யான விமானங்களைக் கொண்டு நடத்திய பயிற்சிக்கே இது பொருந்துமானால், கணினியில் ஆடும் ஆட்டத்துக்குச் சொல்லவே வேண்டியதில்லை. இரு தரப்புக்கும் சமவாய்ப்பு இருந்தால்தான் ஆட்டம் சுவைக்கும். அதற்காக விளையாட்டு செய்வோர் எண்களைக் கூட்டிக் குறைப்பர். போரில் சமவாய்ப்பு என்பதே கிடையாது.

விளையாட்டு காட்டாதது

1929 இல் எட்வின் லிங்க் என்னும் அமெரிக்கர், தம் தந்தையின் இசைக்கருவித் தொழிற்சாலையில் இருந்த துருத்திகளைக் கொண்டு, தரையிலேயே அசைந்தாடும் பயிற்சி விமானம் ஒன்றைச் செய்தார். பறப்பதற்கு முன் தவறு செய்து பார்க்க ஓர் இடம் வேண்டும் என்பதே அதன் கருத்து. இன்றைய பயிற்சிக் கருவிகள் அனைத்தும் அதன் வழித்தோன்றல்கள். அங்கே துல்லியம் தேடுவது உயிர் காக்க. விளையாட்டில் துல்லியம் தேடுவது இன்பத்துக்காக. இரண்டும் வெவ்வேறு.

2012 இல் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோனி நாடாளுமன்றத்தில் ஒரு கணக்கு தந்தார். 1971-72 முதல் 2012 ஏப்ரல் வரை பல்வேறு மிக் வகை விமானங்களில் 482 விபத்துக்குள்ளாயின. 171 விமானிகளும் பொதுமக்களில் 39 பேரும் உயிரிழந்தனர். விளையாட்டில் விழுந்தால் "மீண்டும் தொடங்கு" என்று ஒரு பொத்தான் வருகிறது. இந்த 171 பேருக்கும் அப்பொத்தான் இல்லை. எந்தத் துல்லியமான விளையாட்டும் இதனைக் காட்டாது, காட்டவும் இயலாது. காட்டாது என்பதை நாம் மறவாதிருந்தால் போதும்.

முடிவுரை

2025 செப்டம்பர் 26 அன்று, மிக்-21 தன் வாழ்வைத் தொடங்கிய அதே சண்டிகரில், பைசன் விமானங்களுக்கு விடை கொடுக்கப்பட்டது. 62 ஆண்டுப் பணி முடிந்தது. இனி நம் நாட்டில் பைசனை யாரும் ஓட்டப் போவதில்லை. காட்சியகத்தில் நிற்கும், நூல்களில் இருக்கும், விளையாட்டுகளில் பறக்கும். நம் தம்பி தங்கையர்க்குப் பைசன் என்றால் விளையாட்டில் பறப்பதே பைசன் என்றாகிவிடும். ஆகவேதான் அதன் துல்லியம் நமக்கு ஒரு பொருட்டாகிறது. பிஸ் வகைக்குப் பைசன் என்று பெயரிடுவதும், ஸ்டார்ட்டரை மாற்றியதால் மோட்டார் பெரிதாயிற்று என்று காட்டுவதும் சிறிய பிழைகளாகத் தோன்றலாம். ஆனால் வரலாறு இத்தகைய சிறிய பிழைகளால்தான் பொய்யாகிறது.

பொய் உடனடியாகவும் சுடும். 2019 இல் பாலாகோட் தாக்குதலின்போதும், 2025 மே மாதத்திலும் விளையாட்டுக் காட்சிகள் உண்மைப் போராகப் பரவின. மத்திய அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு மறுப்பு வெளியிட வேண்டியிருந்தது. ஆர்மா-3 என்னும் விளையாட்டைச் செய்த செக் நாட்டு நிறுவனமே, தன் விளையாட்டுக் காட்சிகள் போர்ச் செய்தியாகத் திரிக்கப்படுவதைக் கண்டு 2022 நவம்பரில் மக்களை எச்சரித்தது. மங்கலான படம், ஆடும் ஒளிப்படக் கருவி, இருட்டு, ஒலியின்மை, மனிதர் நடமாட்டம் இல்லாமை ஆகியவற்றைக் கண்டால் ஐயுறுங்கள் என்று அது சொன்னது. அவற்றோடு ஒரு கைக்கடிகாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது என் வேண்டுகோள்.

அன்றிரவு திண்ணையில் அத்தையிடம் நான் சூத்திரம் எதுவும் சொல்லவில்லை. ஒரு குச்சியை எடுத்து மண்ணில் வட்டம் போட்டேன். "இவ்வளவு சின்ன வட்டத்துல அந்த விமானம் திரும்பாது அத்தே. நம்ம ஊர்ல ஆரம்பிச்சா மலை அடிவாரம் வரைக்கும் போய்த்தான் திரும்பும்" என்றேன். அவர் வட்டத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு, "அப்ப இத எனக்கு அனுப்புன புள்ளைக்கும் சொல்லு கண்ணு, அதுவும் பயந்துக்கிட்டு இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

கல்லூரியில் நாம் கற்கும் இயற்பியல் எதற்குப் பயன்படும் என்று யாரேனும் கேட்டால், ஒருநாள் இரவு ஒரு தாயைச் சாப்பிட வைத்தது என்று நான் சொல்வேன்.